பெருக்கல் குறி போட்ட பாலில் என் பல்

ஊர்ப் பாலைச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான். மானாம்பதிக்கு அடுத்த எங்கள் ஊரில் பால் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே பதினெட்டு வருடமாகப் பால் சோதிக்கிற வேலை. கண்ணாடிக் குடுவையில் பாலை ஊற்றி, அதில் லாக்டோமீட்டரை மிதக்க விட்டு, எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பேன். தண்ணீர் கலந்த பாலில் அது ஆழமாக முழுகும், எண் குறையும். இருபத்தேழுக்குக் கீழே போனால் பால் திரும்பிப் போகும். திருப்பி அனுப்புகிற தூக்கின் மூடியில் நீலச் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவேன், அதே பால் வேறு ஆள் கையில் மறுபடி வரிசைக்கு வந்துவிடக் கூடாதென்று. அந்த யோசனை என்னுடையதுதான்.

வேலை அப்படி என்பதால் குணமும் அப்படியே ஆகிவிட்டது. மோரில்கூட இவர் தண்ணீரைத் தேடுவார் என்று என் மனைவி அமுதா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். போன தை மாதம் கபடி ஆட்டத்தில் என் முன்பல் தெறித்துப் போய் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதை எழுதச் சொன்னதும் அவள்தான். "ஆடறவங்களுக்கு ஒதவும், எய்துங்க. ஆனா நீங்க பண்ணதையும் சேத்து எய்துங்க, வுட்டுடாதீங்க" என்றாள். ஆகவே விடாமல் எழுதுகிறேன்.

ஏழுமலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி, எங்கள் கபடி அணியின் கேப்டன். அவனுக்கு இரண்டு கறவை மாடுகள். போகி அன்று மாடுகளை ஏரிக்கரைக் கொட்டகையிலிருந்து ஓட்டி வந்து, சங்கத்துக்கு நேர் பின்னால் புதுக் கொட்டகை போட்டுக் கட்டினான். ஏரிக்கரையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த வரைக்கும் அவன் பால் இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று நிற்கும். இடம் மாறிய மறுநாளிலிருந்து இருபத்தாறு, இருபத்தைந்து. மாடு அதே மாடு, தவிடும் புண்ணாக்கும் அதே. புதிதாக வந்தது ஒன்றே ஒன்று, கொட்டகையை ஒட்டி நிற்கிற சங்கத்துத் தண்ணீர்க் குழாய். இதற்குமேல் துப்புத் துலக்க என்ன இருக்கிறது? கூட்டாளி என்றால் எனக்குக் கண் குருடாகிவிடுமா?

ஒரே மாதத்தில் மூன்று முறை பால் திரும்பினால் நான் செயலாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் உறுப்பினர் பெயரை அடித்துவிடுவார். அடித்த பெயரை மறுபடி சேர்ப்பது லேசில் நடக்காது. ஏழுமலைக்கு மூன்றாவது முறை காணும் பொங்கல் அன்று காலையில் வந்தது.

"தணிகா, நல்லா பாருப்பா" என்றான். என் பெயர் தணிகாசலம். "இப்பதான் கறந்து அப்பிடியே கொண்டாந்தேன். சூடு கூட ஆறல. இதுல எங்க தண்ணி?"

"எனக்கு கண்ணு தெரிலன்னாலும் மீட்டருக்கு தெரியும், ஏழுமல. இருவத்தஞ்சி."

"நான் தண்ணி ஊத்தறவனா?"

நீலச் சாக்பீஸை எடுத்தேன். மூடியில் பெருக்கல் குறி போட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவன் தூக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனான். வெயில் ஏறுவதற்குள் கடிதத்தையும் எழுதி, செயலாளர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதியாகக்கூட இருந்தது.

காணும் பொங்கல் சாயங்காலம் எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கபடி. எங்களுக்கு மூச்சு இல்லை, அவர்களுக்குப் பொறுப்பு இல்லை. அதனால் ஆட்டம் எப்போதும் சரிசமமாகத்தான் போகும். போன வருடம் கல்யாணம் ஆகாதவன் ஒருவனுக்குப் பல் பாதி உடைந்தது. அதனால் இந்த முறை ஏழுமலை உத்திரமேரூர் பஜாருக்குப் போய், பஷீர் பாய் கடையிலிருந்து மவுத் கார்டு வாங்கி வந்திருந்தான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பல்லு ரப்பர். லாடம்போல வளைந்த மெத்தென்ற பிளாஸ்டிக். வெந்நீரில் போட்டு இளக்கி, மேல்பல்லில் வைத்துக் கடித்தால் அவரவர் பல்லுக்குத் தக்க அச்சு விழுந்துவிடும். அடி விழுந்தால் அந்த அடியை அது வாங்கிப் பரப்பிவிடும், பல் தனியாக வாங்காது. எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தான்.

எனக்கு அதிலும் ஆயிரம் கேள்வி. "பாய், இதுக்கு எக்ஸ்பைரி டேட் எங்க?" என்று கடைக்கே போய்க் கேட்டேன்.

"பல்லுல மாட்டறதுக்கு எக்ஸ்பைரி இன்னாப்பா? உன் பல்லுக்கு கீதா எக்ஸ்பைரி?" என்றார் பாய்.

விற்காத சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று நினைத்தேன். ஏழுமலைக்கு இதில் ஏதாவது கிடைத்திருக்கும் என்றும் நினைத்தேன். இளகிய பிளாஸ்டிக் வாய்க்குள் என்னென்ன விடுமோ என்று பயம் வேறு. மூச்சு முட்டுகிறது என்று சாக்குச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு தாள் வந்தது, முழுக்கப் படங்கள். அது கெட்டியான வழவழப்புத் தாளாக இருந்ததால் லாக்டோமீட்டரைச் சுற்றி வைக்க எடுத்துக்கொண்டேன். படத்தைப் பார்க்கவில்லை. அணியில் ஏழு பேரில் ஆறு பேர் வாயில் ரப்பர், நான் மட்டும் வெறும் பல்.

ஆட்டத்தில் நடந்தது ஒரு நொடிதான். கபடி பாடி வந்தவனின் கணுக்காலை நான் குனிந்து பிடித்தேன். இடது பக்கமிருந்து ஏழுமலை பாய்ந்தான். அவன் முழங்கை நேராக என் வாயில் இறங்கியது. கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்டது. பின்னால் சாய்ந்ததில் பின்மண்டை தரையில் மோதியது. அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை.

கண் திறந்தபோது பஷீர் பாயின் சரக்கு வேனில் இருந்தேன். ஆட்டம் பார்க்க வந்த வேன், ஆம்புலன்ஸ் ஆகிவிட்டது. தலை அமுதாவின் மடியில், வாயில் சுருட்டிய துண்டு, துண்டு முழுக்க ரத்தம். நாக்கை மேலே கொண்டு போனேன். பல் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு குழி. அப்போதுதான் அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயதில் ஒரு பல்லுக்காக அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

முன்சீட்டில் ஏழுமலை திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு தூக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மூடியில் நீலப் பெருக்கல் குறி. என் கைக் குறி. அந்தச் சமயத்தில்கூட என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். முதலில், வேண்டுமென்றேதான் இடித்திருக்கிறான், காலையில் நடந்ததற்குப் பழி. அடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் எதற்குப் பாலைத் தூக்கிக்கொண்டு வருகிறான், டாக்டருக்குக் கொடுத்துக் கேஸை அமுக்கவா? இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அதற்கு நடுவில் யோசித்தது இதைத்தான்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பண்டிகை நாள், அவசரப் பிரிவில் நிற்க இடமில்லை. பைக்கில் விழுந்தவர்கள், மாடு முட்டியவர்கள், கரும்பு வெட்டிக் கையை வெட்டிக்கொண்டவர்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் என்னிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். இதை எதற்குக் கேட்கிறார், எதிலாவது கையெழுத்து வாங்கவா என்று முழித்தேன். முழித்ததையே அவர் தலையில் அடிபட்டதன் அறிகுறியாக எழுதிக்கொண்டார். வாந்தி எடுத்ததால் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிற மெஷின் அது. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடுமாம். கசியவில்லை. ஆனாலும் வாந்தி நின்று தலைசுற்றல் போகிறவரைக்கும் உள்ளே இருந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். படத்தில் ஒன்றும் இல்லை என்றால் பிறகு எதற்கு உள்ளே என்று எனக்கு அதிலும் ஒரு முள்.

பல் டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, வீட்டில் பண்டிகைப் புடவையோடு இருந்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள் போல, மேலே வெள்ளைக் கோட்டு. "பல் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். ஏழுமலை தூக்கை நீட்டினான். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்த அவர் முகம் மலர்ந்தது.

"பால்ல போட்டது யாரு?"

"நான்தாம்மா. மண்ணுல கெடந்துது. வெள்ளை பக்கமா புடிச்சி எடுத்தேன், வேரை தொடல. கய்வலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நான் கய்வல. எங்க ஊட்டு பிரிட்ஜ்ல பால் இருந்துது, போட்டுட்டேன்."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க" என்ற டாக்டரம்மா என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். பல்லின் வேர்மேல் மெல்லிசாக ஒரு தோல் இருக்கிறதாம். அதில் உயிர் இருந்தால் பல்லைத் திரும்ப வைக்கும்போது எலும்பு ஏற்றுக்கொள்ளும். அரை மணி நேரம் காய்ந்தால் அந்த உயிர் போக ஆரம்பித்துவிடும். தண்ணீரில் போட்டாலும் ஆகாது. "அந்தத் தோல்ல இருக்கிற அணுக்கள் தண்ணியைக் குடிச்சு, உப்பி, வெடிச்சிடும். பால்னா சில மணி நேரம் தாங்கும். அதான் பால்."

தண்ணீரில் வெடித்துவிடும். இந்தப் பாலிலோ தண்ணீர். அதைக் கண்டுபிடித்தவனே நான். உதடு கிழிந்து பேச முடியவில்லை. சைகை காட்டிப் பேனா வாங்கி, ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதினேன்: "அது ரிட்டர்ன் பால். தண்ணி கலந்தது. நான் டெஸ்ட் பண்ணது."

டாக்டரம்மா படித்துவிட்டுப் புரியாமல் ஏழுமலையிடம் காட்டினார். அவன் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், நேரம் எடுத்துக்கொண்டான். படித்து முடித்துச் சீட்டைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். குற்றம் செய்தவன் வாயடைத்துப் போனான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"தண்ணி கொஞ்சம் இருந்தா என்ன, இருக்கிறதை வெச்சுப் பார்ப்போம்" என்று டாக்டரம்மா வேலையில் இறங்கினார். மரத்துப் போக ஊசி போட்டு, பல்லை உப்புத் தண்ணீரில் அலசி (அது வெறும் தண்ணீர் இல்லை, ரத்தத்துக்குச் சமமான உப்பு என்று நான் கேட்காமலே சொன்னார், என் கண் அப்படி இருந்திருக்கும்), குழியைக் கழுவி, கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளினார். கதவுக் கொண்டி விழுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்துப் பசை தடவி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். உதட்டில் நாலு தையல். உள்ளே இருக்கிற நரம்பு எப்படியும் செத்துவிடும், பத்து நாளில் அதைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், அதைத்தான் ரூட் கெனால் என்பது என்றார்.

கடைசியாக, "மவுத் கார்டு போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். தலையை இட வலமாக ஆட்டினேன். "மத்தவங்க?" அமுதா சொன்னாள், "இவரை தவிர எல்லாரும் போட்டுக்கினு இருந்தாங்கம்மா." டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

வார்டில் படுக்க வைத்ததும் நான் கேட்டது லாக்டோமீட்டரைத்தான். அதை எப்போதும் என் துணிப்பையில் வைத்திருப்பேன். வேறு ஆளை நம்பிச் சங்கத்தில் விடமாட்டேன். அமுதா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இந்த மனுஷனோடு பதினான்கு வருடம் குடித்தனம் செய்தவள், கேட்டதைக் கொடுத்தாள். சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். அப்போதுதான் அந்தப் படங்களைப் பார்த்தேன். முதல் படத்தில் ரப்பர் கடித்த வாய். இரண்டாவதில் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்த இரண்டு விரல். மூன்றாவதில் ஒரு டம்ளர் பால், அதற்குள் பல். நான் மீட்டருக்குச் சட்டையாகப் போட்டிருந்த தாளை ஏழுமலை உட்கார்ந்து படித்திருக்கிறான்.

தூக்கில் மீதி இருந்த பாலைத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி அதில் ஊற்றச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மீட்டரை விட்டேன். ஆடி அசைந்து நின்றது. இருபத்தொன்பது.

நம்பவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பச்சைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பூஜ்யத்தில் சரியாக நின்றது. அப்போது என் மூளை கண்டுபிடித்த விடை இது: காலைப் பாலைக் கொட்டிவிட்டு, அதே தூக்கில் வேறு நல்ல பாலை ஊற்றி, குறியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறான். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சந்தேகத்தை விட மனசில்லை.

மறுநாள் முழுக்க இப்படியே. ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் எத்தனை குழாய் என்று விரல் காட்டிக் கேட்டேன். கையில் ஏறுகிற பாட்டிலில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் படித்தேன். உண்மையில் பயம் எல்லாம் பல்லைப் பற்றித்தான். தலை சுற்றும்போதெல்லாம் நாக்கு அதன் பக்கம் போய்ப் போய்த் தொடாமல் திரும்பியது. பிடிக்கவில்லையென்றால்? செயற்கைப் பல் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பல்லுப் போனவன் என்று பட்டப் பெயர் வைக்காமல் விடுமா எங்கள் ஊர்?

ஏழுமலை தினமும் வந்தான். வார்டுக்குள் வரமாட்டான். வாசலில் நின்று அமுதாவிடம் ஒரு டிபன் கேரியரைக் கொடுப்பான், இருவரும் குசுகுசுவென்று பேசுவார்கள், அவன் போய்விடுவான். என்ன பேச்சு என்று எழுதிக் கேட்டால், "ஒண்ணியும் இல்ல, கஞ்சிய குடிங்க" என்பாள். பால் விட்டுக் காய்ச்சிய நொய்க் கஞ்சி, ஆற வைத்தது. கரண்டியால் ஓரமாக ஊட்டுவாள். அடிபட்ட வாய்க்கு அதைவிட இதமாக எதுவும் இல்லை. கெட்டியாக, மணமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை. நாஷ்டா நேரத்தில் அமுதா கேண்டீனிலிருந்து எனக்குச் சூடாக ஒரு சொம்பு பால் வாங்கி வந்தாள். சூடு ஆகாது என்பதால் ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்தாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மீட்டரை விட்டேன். இருபத்து நாலு. கேண்டீன்காரன் திருடன் என்று அமுதாவுக்கு நிமிர்ந்து ஜாடை காட்டினேன். அவள் கண்டுகொள்ளாமல் முகம் கழுவப் போய்விட்டாள். ரவுண்டு டாக்டர் வந்தார், போனார். திரும்ப மீட்டரைக் கழுவி வைக்கலாம் என்று எடுக்கப் போனேன். அது ஏறி நின்றிருந்தது. இருபத்தெட்டு. பால் அதே பால். நான் கண்ணை எடுக்காத பால். யாரும் தொடவில்லை. ஆறியிருந்தது, அவ்வளவுதான்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: சூட்டில் பால் இளகும், மீட்டர் முழுகும், எண் குறைவாகக் காட்டும், கறந்த சூட்டில் பார்க்காதே, தெர்மாமீட்டர் வைத்துக் கணக்குப் பண்ணு. அந்தத் தெர்மாமீட்டர் உடைந்து பல வருடம் ஆகிவிட்டது. நான் புதிது கேட்கவில்லை. எல்லாரும் தூரத்திலிருந்து வருகிறவர்கள், வந்து சேர்வதற்குள் பால் ஆறிவிடும், அதனால் தேவையே படவில்லை. மடியிலிருந்து நேராகச் சங்கத்துக்கு வருகிற பால் இந்த ஊரிலேயே ஒன்றுதான், பத்தடி தள்ளிக் கட்டியிருந்த ஏழுமலையின் பால். சூடு கூட ஆறல என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். நான் அதைச் சாட்சியாக எடுக்காமல் சவடாலாக எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருடம் ஊரையே அளந்தவன், அளக்கிறவனை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை.

அமுதா திரும்பி வந்ததும் எழுதாமல், தையல் இழுக்க இழுக்க வாயாலேயே சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. சொல்லாதன்னு ஏழுமல அண்ணன் சொன்னாரு. நீங்க குடுத்த லெட்டர வெச்சி அன்னிக்கே சங்கத்துல அவரு பாலை நிறுத்திட்டாங்க. மூணு நாளா கன்னுக்குட்டிக்கி வுட்டது போக மீதிய இன்னா பண்றதுன்னு தெரியாம கீறாங்க. நீங்க குடிக்கறீங்களே கஞ்சி, அது அந்த பாலுதான்."

"வாசல்ல இன்னா பேசிக்கினு இருந்தீங்க?"

"பல்லு புடிச்சிச்சாம்மா, பல்லு ஆடுதாம்மா. தெனம் அதையேதான் கேட்டாரு. வேற இன்னா கேப்பாரு?"

என் நாக்கு மூன்று நாளாக அந்தப் பாலைக் குடித்தது. மோரில் தண்ணீர் தேடுகிற நாக்கு. ஒரு தடவைகூட இது தண்ணீர்ப் பால் என்று அது சொல்லவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் வண்டியை நிறுத்தி செயலாளர் வீட்டில் ஏறினேன். கடிதத்தைத் திருப்பி வாங்கி, தப்பு என்னுடையது என்று இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை, வீங்கிய வாயோடு சங்கத்தில் போய் நின்றேன். ஏழுமலையைக் கூப்பிட்டனுப்பியிருந்தேன். வரிசை முழுக்க இருக்கும்போது அவன் பாலை, கறந்த சூட்டோடு, எல்லார் கண் முன்னாலும் விட்டுக் காட்டினேன். இருபத்தஞ்சரை. அதே குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தோம். மற்றவர்கள் பாலை எல்லாம் பார்த்து முடித்தபின் மறுபடி விட்டேன். இருபத்தொன்பது.

"இவன் தண்ணி ஊத்தல. நான்தான் தப்பா பாத்தேன். எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றேன். ஏழுமலை மூடியில் மங்கலாக இருந்த நீலக் குறியை ஈரத் துண்டால் துடைத்தான். துடைத்துவிட்டு, "வெய்யில் வந்துடுச்சி, மாட்ட ஓட்டணும்" என்று கிளம்பிவிட்டான். மன்னித்தானா இல்லையா என்று தெரியவில்லை. புதுத் தெர்மாமீட்டர் அந்த வாரமே வந்தது.

பல்லுக்கு வருகிறேன். இரண்டு வாரத்தில் கம்பியை எடுத்தார்கள், ரூட் கெனால் முடிந்தது. உண்மையான முடிவு மூன்றாம் மாதம் தெரியும் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அமுதாவோடு ஏழுமலையும் வந்தான், நான் கூப்பிடவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடிக் குச்சியின் கைப்பிடியால் என் பல்லைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். வேர்த் தோல் செத்திருந்தால் எலும்பு பல்லோடு ஒட்டிப்போய்க் கணீரென்று பாத்திரச் சத்தம் வருமாம். அப்படிப் போனால் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு தின்றுவிடும். என் பல்லில் 'டொக்' என்று மந்தமாக வந்தது. பக்கத்துப் பல்லைத் தட்டினார், அதிலும் அதே டொக்.

"உயிரோட பிடிச்சிருக்கு" என்றார். "இன்னும் ஒரு வருஷம் அப்பப்ப வந்து காட்டணும். ஆனா நல்லா இருக்கு. நல்ல பால்ல போட்டிருக்கீங்க."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, அமுதா பழம் வாங்கப் போயிருந்த நேரம், மூன்று மாதமாக வயிற்றில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏழுமல, அன்னிக்கி வேணும்னுதான் இட்ச்சியா?"

அவன் டீயை ஊதினான். இல்லை என்று சட்டென்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"தெரிலப்பா" என்றான். "காலைலேர்ந்து உன் மேல கோவமா இருந்தேன். பாயும்போது அவன பாத்தனா உன்ன பாத்தனா, சத்தியமா தெரில. நீ வியுந்தப்புறம்தான் எனக்கு உசுரு போச்சி. அதான் மண்டி போட்டு தேடினேன். பல்லு கெடைக்கலன்னா இன்னா பண்ணியிருப்பேன்னு இன்னியும் நெனச்சிக்கினு கீறேன்."

என் வாழ்க்கையில் நான் கேட்ட பதில்களில், குடுவையில் ஊற்றிப் பார்க்கத் தோன்றாத பதில் அது ஒன்றுதான். டீக்குக் காசு அவனே கொடுத்தான்.

ஆடி மாதத்தில் மறுபடி ஆட்டம் வந்தது. பஷீர் பாய் கடையில் எதையும் கேட்காமல் ஒரு பல்லு ரப்பர் வாங்கினேன். ரூட் கெனால் செய்த பல் என்பதால் டாக்டரம்மாவிடம் காட்டி, கடித்து ஆடலாமா என்று கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஏழுமலை வீட்டு வாசலிலேயே அமுதா சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். ரப்பரைப் போடப் போனேன்.

"இருப்பா, இரு" என்று ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டான். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "சூடு பாத்தியா? உனக்கு சூடு பாக்க தெரியாதே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவனே விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் ஆற விட்டு, ரப்பரைப் போட்டு எடுத்துக் கொடுத்தான். நான் கடித்தேன். எடுத்துக் காட்டியபோது வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பல் அச்சாகப் பார்த்தான். முன்பக்கம் அந்த ஒரு பள்ளத்துக்கு வந்ததும் அதில் கட்டைவிரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.